கேவின் தாய்மொழிக்காரர் ஆனது

கேவின் ஸ்கெல்டன் இங்கிலாந்தில் தத்துவம் படித்தவன். சும்மா படித்தவன் இல்லை, நன்றாகவே படித்தவன். 'இன்மை' என்று ஒன்று உண்டா என்பதைப் பற்றி ஒரு தலையணை தடிமனுக்குக் கட்டுரை எழுதி, உண்டு என்று முடித்திருந்தான். பேராசிரியர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், எழுதினது அத்தனையும் உண்மை. வேலை என்று எதுவுமே இல்லை.

சொந்த ஊர் கிரிம்ஸ்பி. கடலோர ஊர், மீன் ஊர். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில், ரொட்டித்தூளில் புரட்டிய மீன் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனான். வருஷக்கணக்கில் அடுக்கினான். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விடும். எத்தனை சோப்பு போட்டாலும் வாடை போகாது. பெண்டாட்டி டோனா ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தாள். மகள் மேய்சி பிறந்தாள், நடந்தாள், பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் அப்புறம் நிறுத்தவே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுவாள், பாவம், அவ்வளவு சொல்வதற்கு இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அந்த விளம்பரம். சவூதியில், ஹாயில் என்கிற ஊரில், ஆங்கிலம் கற்பிக்க ஆள் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பட்டம் போதும்.

டோனா அதை இரண்டு தரம் படித்தாள். "கேவ், இந்தா பாரு. உனக்கு தெரிஞ்ச ஒரே வேலைக்கு ஆள் கேக்குறாங்க. இங்கிலீஷ் பேசணுமாம். ரெண்டு வயசுலேந்து சம்பளம் இல்லாம செஞ்சுட்டிருக்க."

அப்படித்தான் அல்-ஃபஸீஹ் ஆயத்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். பல்கலைக்கழகம் போகப்போகிற பையன்கள் அதற்கு முன்னால் ஒரு வருஷம் ஆங்கிலம் படிக்கிற இடம் அது. காலையில் விரல் ரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்க வேண்டும், வகுப்புக்குப் போய் வாயைத் திறக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி கட்டைவிரல். மற்ற எல்லாவற்றையும் அவனுடைய உதவியாளர் பார்த்துக்கொள்வார். உதவியாளர் பெயர் டாக்டர் தாஜ். சூடான்காரர், ஐம்பது தாண்டியவர், ஆங்கில மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பாடம் எழுதுவது அவர், கேள்வித்தாள் தயாரிப்பது அவர், திருத்துவது அவர். சம்பளம் கேவினுக்குப் பாதி.

"நான் இங்கிலீஷ கஷ்டப்பட்டு படிச்சேன் மகனே, அதான் நான் செஞ்ச தப்பு" என்பார் தாஜ், ரொட்டியை அவித்த மொச்சையில் தொட்டுக்கொண்டே. "நீ பொறந்த. பொறந்ததோட நிறுத்திக்கிட்ட. அதான் மேனேஜ்மெண்டுக்கு உன்ன புடிச்சிருக்கு."

கேவினுக்கு அதைக் கேட்டால் வெட்கமாக இருக்கும். ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் விரல்கள் சூடாக இருந்தன. அந்த டேர்ம் முடிந்ததும் டோனாவும் மேய்சியும் வந்துவிடுவதாக ஏற்பாடு. தாய்மொழிக்காரர்களுக்கு மட்டும் நிலையம் குடும்ப விசா எடுத்துத் தரும். டோனா வேலையை விட்டாள், வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாள், மேய்சியின் கட்டிலை விற்றாள், அவளைக் கூட்டிக்கொண்டு கேவினின் அம்மா வீட்டில் போய் இருந்தாள். இனி கிரிம்ஸ்பியில் அவர்களுக்கென்று இருந்தது அந்தக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் ஃபெர்கல் காணாமல் போனார்.

ஃபெர்கல் அயர்லாந்துக்காரர், பழைய சரித்திரம் படித்தவர், கேவினுக்குப் பக்கத்து மேசை. வாரம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மேசை இருக்கிறது, நாற்காலி இல்லை. பாதி குடித்த தேநீர்க் கோப்பை ஏடு கட்டிப்போய் நிற்கிறது. பிஸ்கட் பொட்டலம் திறந்தபடி கிடக்கிறது. கேவின் நிர்வாக அறைக்குப் போனான். அங்கே ரிஃபாத் இருப்பார். எகிப்துக்காரர், நிலையத்தில் எந்தக் காகிதமும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். எல்லாரையும் பாஷா என்றுதான் கூப்பிடுவார்.

"ஃபெர்கல் எங்க?"

"எந்த ஃபெர்கல், பாஷா?"

"என் பக்கத்து மேச. அயர்லாந்துக்காரர்."

ரிஃபாத் கணினியைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "ஹபீபி, விரல் ரேகை மெஷினுக்கு அப்டி யாரையும் தெரியல. மெஷினுக்கே தெரியாதவர எனக்கு எப்டி தெரியும்?"

"போன வியாழக்கெழம அவரோட நீங்க கபாப் சாப்ட்டீங்களே."

ரிஃபாத் கொஞ்சம் யோசித்தார். "கபாப் ஞாபகம் இருக்கு" என்றார்.

கேவின் தன் இடத்துக்குத் திரும்பி வந்தபோது தேநீர்க் கோப்பையும் இல்லை.

அன்று மதியமே எல்லாரையும் கூட்ட அரங்குக்கு வரச்சொன்னார் முதல்வர் டாக்டர் முத்லக். முதலில் காவா என்கிற அரபுக் காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. நல்ல மனிதர் அவர், யாரையும் வெறும் வயிற்றோடு பயமுறுத்த மாட்டார். எல்லாரும் கொட்டையைத் துப்பி முடிக்கும்வரை காத்திருந்து பேச ஆரம்பித்தார்.

"சகோதரர்களே, நம்ம நிலையம் பெத்தவங்களுக்கு ஒரு வாக்கு குடுத்திருக்கு. அசல் இங்கிலீஷ், கலப்படம் இல்லாதது. இத்தன நாளா என்ன பண்ணோம்? பாஸ்போர்ட்ட பாத்து ஆள் எடுத்தோம். பாஸ்போர்ட்டுல பொறந்த ஊர் இருக்கும், மூஞ்சி இருக்கும். வாய் இருக்குமா?"

அவரே இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

"நான் அமெரிக்காவுல, ஒஹாயோவுல ஏழு வருஷம் இருந்தேன். அங்க ஒருத்தர் பேசுனதும் எனக்கு வெளங்கல. மருந்துக் கடைக்காரர், பஸ் டிரைவர், என் பேராசிரியர், அத்தன பேரும் தப்பு தப்பா பேசுனாங்க. நான் பேசுனதும் அவங்களுக்கு புரியல, அந்த அளவுக்கு மொழி தெரியாதவங்க. அப்றம் ஊருக்கு திரும்பி வந்தேன். நம்ம பாடப் புத்தகத்தோட ஒரு சிடி வருது பாருங்க, அத போட்டு கேட்டேன். ஒரு வார்த்த விடாம புரிஞ்சுது. அழுதுட்டேன் சகோதரர்களே. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இங்கிலீஷ் அந்த ஊர்கள்ல இல்ல. சிடியில இருக்கு."

அரங்கில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். கேவினும் ஆட்டினான். ஆட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

முதல்வர் சிடியைப் போட்டார். அதில் டேவிட் என்று ஒருவர் பேசுகிறார்.

"வணக்கம். என் பெயர் டேவிட். இது ஒரு பேனா. இன்று வானிலை இதமாக உள்ளது. கேட்டு, திரும்பச் சொல்க."

"இதான் அளவுகோல்" என்றார் முதல்வர். "இன்னிலேந்து தாய்மொழித் தரச் சரிபார்ப்புக் குழு வேல ஆரம்பிக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல. பயப்படுறவங்கள மட்டும்தான் நாங்க உத்து கவனிப்போம்."

குழுவில் மூன்று பேர். ஒருவர் பேரீச்சைப் பயிர் நிபுணர். அறுவடை முடிந்துவிட்டதால் ஓய்வாக இருந்தார். இன்னொருவர் போக்குவரத்துப் போலீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் உரிமத்தை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் என்று பெயர். மூன்றாவது ரிஃபாத், எழுதிக்கொள்ள.

கேவினின் முறை வந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். போலீஸ் அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் காட்டினார். "இது என்ன?"

"பேனாதாங்க" என்றான் கேவின்.

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"மறுபடி சொல்லுங்க. அவசரமே இல்ல."

"அதான் சார், பேனா. எழுதுவோம்ல, அது."

"வேகமா போறாரு" என்றார் அதிகாரி. "சிக்னல் போடாம திரும்புறாரு."

பயிர் நிபுணர் தாடியைத் தடவினார். "அவசரப்பட வேணாம். பேரீச்சைய விதை போட்டு வளத்தா என்ன காய்க்கும்னு சொல்லவே முடியாது. தாய்மரத்து அடியிலேந்து கன்ன பிரிச்சு நட்டா, தாயோட ருசி அப்டியே வரும். இவர மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்? தாய பாக்கணும்."

அறிவியல் சொன்ன பிறகு மறுப்பு ஏது. கிரிம்ஸ்பிக்கு வீடியோ அழைப்பு போட்டார்கள். கேவினின் அம்மா மோரீன் அடுப்படியில் நின்றிருந்தாள், தலையில் முடியைச் சுருட்டும் உருளைகள் மாட்டியிருந்தாள், கையில் கரண்டி.

"யார்றா, கேவினா? என்னாடா மூஞ்சி இப்டி வெளுத்து கெடக்கு, துன்னியா இல்லியா? பின்னாடி யாரு அந்த ரெண்டு பெரிய மனுசனுங்க, சாவுக்கு வந்தவனாட்டம் குந்திக்கினு? நீ எதுனா எடக்கு பண்ணியா? சார், எம்புள்ள ஒண்ணுந்தெரியாதவன் சார், படிச்சு படிச்சே வீணாப்போனவன். டேய், வெயில்ல தொப்பி போடுறா. மேய்சி வந்தா அவளுக்கும் போடு. வச்சிரட்டா? கெழங்கு கருகுது."

படம் மறைந்தது.

"இது என்ன மொழி?" என்று பயிர் நிபுணர் மெல்லக் கேட்டார்.

"இங்கிலீஷ்தாங்க சார். எங்கம்மாவுக்கு வேற எதுவுமே தெரியாது."

"மாட்டுனவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க" என்றார் அதிகாரி. சொன்னபோது கோபம் இல்லை, பழகின சலிப்புத்தான்.

ரிஃபாத் எழுதினதை உரக்கப் படித்தார். தாய் உண்டு. தாயின் மொழி அறியப்படவில்லை. துறைமுகப் பகுதிகளில் வழங்குவதாக இருக்கலாம்.

மறுநாள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு. கேவினுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின, மீன் கிடங்கில் மரத்ததைப் போலவே. உள்ளே போனால் முதல்வர் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மிஸ்டர் கேவின், நாங்க ஈவிரக்கம் இல்லாதவங்க கெடையாது. குழுவோட முடிவு என்னன்னா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கத்துக்க முடியும். அதனால உங்கள மாணவரா சேத்துக்கிறோம். முதல் நிலை. டேர்ம் கடைசியில பரீட்ச. தேறிட்டீங்கன்னா தாய்மொழிக்காரர்னு நாங்களே சான்று குடுப்போம். தேறலேன்னா..." பேரீச்சம்பழத் தட்டை அவன் பக்கமாகத் தள்ளினார். "ஒண்ணு எடுத்துக்குங்க. உங்க மக பேரு என்ன?"

"மேய்சி சார்."

"அழகான பேரு. விசா இன்னும் என் மேசையிலதான் இருக்கு."

பழத்தை வாயில் போட்டான். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

எந்த வகுப்பில் சேர வேண்டும் என்று ரிஃபாத்திடம் போய்க் கேட்டான். ரிஃபாத் அட்டவணையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "முதல் நிலையில ஒரு பிரிவுலதான் எடம் இருக்கு பாஷா. ஆசிரியர்... கேவின் ஸ்கெல்டன். ரொம்ப நல்ல ஆசிரியர்னு பசங்க சொல்றாங்க" என்றார்.

"அது நான்தாங்க."

"அப்போ சவுரியமாப் போச்சு, இல்லியா."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு இப்பதான் முதல்வர் சொன்னாரு. அப்றம் நானே எனக்கு எப்டி..."

"ஆசிரியர மாத்தணும்னா அட்டவணைய மாத்தணும். அட்டவணை மெஷின்லேந்து வந்தாச்சு. மெஷின்கிட்ட போய் நான் என்னத்த சொல்றது, ஹபீபி?" ரிஃபாத் அவன் இரண்டு கைகளையும் பிடித்து மெஷின்மேல் வைத்தார். "ஆசிரியருக்கு வலது கட்டவிரல். மாணவருக்கு இடது. மாத்தி வச்சிராதீங்க. ஃபெர்கல் மாத்தி வச்சாரு."

"ஃபெர்கல தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"எந்த ஃபெர்கல்?" என்றார் ரிஃபாத்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் தாஜ் மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மொச்சைக் கிண்ணத்தை நகர்த்திப் பாதி இடம் கொடுத்தார். "வா மகனே, எங்க பந்தியில உக்காரு. நான் இருபது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். பழகிடும்."

"உங்களுக்கு பயமே இல்லியா?"

"எனக்கு என்ன பயம்? என்னைய சோதிக்கவே மாட்டாங்க. தாய்மொழிக்காரன் இல்லேன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, அது எவ்ளோ நிம்மதி தெரியுமா. நீதான் பாவம். உங்கிட்ட அவங்க எடுக்குறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்கு."

கேட்டுப் பழகும் பயிற்சிக்கு மாணவர்கள் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். கேவினும் போனான். படிக்கட்டில் இறங்கும்போதே டேவிட்டின் குரல் கேட்டது.

"இது ஒரு பேனா. அது ஒரு மேசை."

சிடி ஓடுகிறது என்று நினைத்துக் கதவைத் திறந்தான். சிடி ஓடவில்லை. வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். கடைசி இருக்கையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபெர்கல்தான். பக்கத்தில் அந்தத் தேநீர்க் கோப்பை.

"யோவ், ஃபெர்கல். இங்கயா இருக்க? நான் எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா. என்னய்யா ஆச்சு உனக்கு?"

ஃபெர்கல் மெதுவாகத் திரும்பினார். ஷேவ் செய்து, தலை வாரி, சுத்தமாக இருந்தார். முன்பெல்லாம் மேசையைத் தட்டித் தட்டிக் கெட்ட வார்த்தையோடு கதை சொல்லும் மனிதர். இப்போது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"வணக்கம்" என்றார். "என் பெயர் டேவிட்."

"ஃபெர்கல், நான்தான்யா, கேவின்."

"இன்று வானிலை இதமாக உள்ளது." உதடு மட்டும் அசைந்தது. கண் என்னவோ சொல்லப் பார்த்தது. என்ன சொல்ல வந்தது என்று தெரிவதற்குள், "கேட்டு, திரும்பச் சொல்க" என்று முடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேவின் எப்படி மேலே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "மேய்சி, டோனா, கெழங்கு, மழ, மீன்" என்று தன் ஊர்ப் பேச்சில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எல்லாம் வந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஆனால் தேறியாக வேண்டுமே. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல் என்று நாட்கள் ஓடின. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு முதல் வரிசைக்கு ஓடி உட்கார்ந்து கை தூக்குவான். பையன்கள் நல்ல பையன்கள். மிஷால் என்று ஒருவன், அகலமான தோள், எப்போதும் ஏலக்காய் வாசனையோடு ஒரு காவா ஃபிளாஸ்க் கொண்டுவருவான். அவன்தான் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"மிஸ்டர், நீங்க ரொம்ப பேசுறீங்க. டேவிட்டு அப்டி பேச மாட்டாரு. ஒரு விஷயம் சொல்வாரு, நிறுத்துவாரு. உங்க மூஞ்சியில என்னென்னமோ ஓடுது. அவரு மூஞ்சியில ஒண்ணுமே ஓடாது."

"அவருக்கு மூஞ்சியே இல்லடா, சிடி அது."

"அதான் மிஸ்டர். அந்த மாரி வரணும்."

வீட்டுக்குப் போனில் பேசும்போதும் பழகினான். எங்கே மறந்துவிடுமோ என்று. மேய்சி வழக்கம்போல மூச்சுவிடாமல் பள்ளிக்கூடம், பூனை, பாட்டி வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "நன்று" என்றான் கேவின்.

"அப்பா, உனக்கு பேட்டரி தீந்துபோச்சா?" என்றாள் மேய்சி.

விடுமுறைக்கு முந்தின வாரம் மாணவர் யாரும் வர மாட்டார்கள். அது அந்த ஊரில் சட்டத்தைவிடப் பெரிய வழக்கம். எல்லாரும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். மிஷால் கேவினையும் கூப்பிட்டான். "மாணவரா நீங்க வரலாம் மிஸ்டர். ஆசிரியரா வரக்கூடாது. யோசிச்சு சொல்லுங்க." கேவின் போகவில்லை. போகாததும் நல்லதாயிற்று, ஏனென்றால் அந்த வாரம்தான் தலைநகரிலிருந்து தர ஆய்வாளர்கள் வந்தார்கள். கட்டடம் முழுக்கத் தேடி, ஆள் இருந்த ஒரே வகுப்பைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தார்கள்.

"மாணவர்கள் எங்க?" என்றார் மூத்த ஆய்வாளர்.

கரும்பலகை முன்னால் நின்றிருந்த கேவின் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தூக்கினான்.

"ஆசிரியர் எங்க போனாரு?"

ஓடிவந்து பலகை முன்னால் நின்றான். ஆய்வாளர் தன் குறிப்பேட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கேவினுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. முடிந்தது, விசா போச்சு, கட்டிலையும் விற்றாயிற்று என்று நினைத்தான்.

"ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர்" என்றார் ஆய்வாளர் முதல்வரிடம், குரல் தழுதழுத்தது. "நாட்டுல எங்கயும் நான் இத பாத்ததில்ல."

"எங்க கொள்கையே அதுதான்" என்றார் டாக்டர் முத்லக்.

பரீட்சை நாள் வந்தது. அதே மூன்று பேர். அதே பேனா. போலீஸ் அதிகாரி அதைத் தூக்கிக் காட்டினார். கேவினுக்குப் பயத்தில் முகம் இறுகி, ஒன்றுமே ஓடாமல் நின்றுவிட்டது. அதுதான் அவனுக்குக் கைகொடுத்தது.

"இது ஒரு பேனா" என்றான். ஒரு மூச்சு விட்டான். "என் பெயர் கேவின். எனக்கு ஒரு மகள் உண்டு. இன்று வானிலை இதமாக உள்ளது."

பயிர் நிபுணர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கனிஞ்சுட்டாரு" என்றார்.

"சிக்னல் போட்டாரு" என்றார் அதிகாரி.

பாராட்டு விழா நடந்தது. ஆட்டுக்கறி போட்ட கப்சா சோறு, பெரிய தட்டில். முதல்வர் கேவினின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசினார். "இவரு வந்தப்ப இங்கிலாந்துல பொறந்தவரா மட்டும் இருந்தாரு. அவங்க அம்மா இருபது வருஷமா முயற்சி பண்ணியும் முடியாதத, நாம ஒரே டேர்முல செஞ்சு காட்டியிருக்கோம். ஒரு சின்ன விதி இருக்கு. கத்துக்கிட்டது கலையாம இருக்கணும். அதனால ஆறு மாசத்துக்கு இவரு எங்க பேசுனாலும், வீட்டுல பேசுனாலும், சான்று பெற்ற இங்கிலீஷ்லதான் பேசணும். ரிஃபாத் கூடவே இருந்து பாத்துப்பாரு."

ரிஃபாத் நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தார்.

கை கழுவுகிற இடத்தில் டாக்டர் தாஜ் கேவினின் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் கிண்டல் பண்ணவில்லை. "மகனே, உங்கம்மாவுக்கு ஒரு போன் போடு. இன்னிக்கே போடு."

கேவின் போனை எடுத்தான். கண்ணாடியில் பின்னால் ரிஃபாத் துண்டோடு நிற்பது தெரிந்தது. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

விமான நிலையத்துக்கு ரிஃபாத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். மேய்சிக்கென்று ஒரு சாக்லேட்டும் வாங்கி வைத்திருந்தார், பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு டோனா வந்தாள். அவளுக்கு முன்னால், முதுகுப்பை குதிக்கக் குதிக்க, மேய்சி ஓடிவந்தாள்.

"அப்பா அப்பா, பிளேன்ல எனக்கு ரெண்டு ஜூஸ் குடுத்தாங்க, பக்கத்து தாத்தா வாய தொறந்து தூங்குனாரு, பாட்டி உனக்கு தொப்பி குடுத்தனுப்பிருக்கு, எனக்கு பல்லு ஆடுது இந்தா பாரு..."

கேவின் மண்டியிட்டான். கிரிம்ஸ்பி முழுக்கத் தொண்டைக்கு வந்துவிட்டது. என் கண்ணு, என் வாயாடி, எங்கடி காட்டு உன் பல்ல என்று உதடுவரைக்கும் வந்தது. தோளுக்கு மேலே ரிஃபாத்தின் நிழல் விழுந்தது.

"வருக, மகளே" என்றான். "பயணம் எவ்வாறு இருந்தது?"

மேய்சி நின்றுவிட்டாள். அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். அப்படியே பின்னால் நடந்து அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது அப்பா இல்ல."

"ஏய் கேவ், என்ன வெளையாட்டு இது, புள்ள பயப்படுது பாரு" என்றாள் டோனா. சிரிக்கத்தான் பார்த்தாள். கேவினின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

ரிஃபாத் குனிந்து சாக்லேட்டை நீட்டினார். மேய்சி கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து, அழுகையும் பேச்சுமாக என்னென்னவோ சொன்னாள். ரிஃபாத் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பாஷா, பாப்பா என்ன பாஷ பேசுது?"

"என்னது? அவ பேசுறது இங்..." என்று டோனா ஆரம்பித்தாள்.

"அவள்" என்றான் கேவின், சத்தமாக. மூச்சு விட்டான். "அவள் இன்னும் பேசத் தொடங்கவில்லை."

மேய்சி அதைக் கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ரிஃபாத், சந்தோஷமாக. "ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது பாஷா." தள்ளுவண்டியை அவரே தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கார் கிளம்பியது. டோனா ஒரு கையால் மேய்சியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மாமியார் கொடுத்தனுப்பிய தொப்பியை இறுக்கி வைத்திருந்தாள். தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. வழி நீளம் என்று ரிஃபாத் சிடியைப் போட்டார்.

"இது ஒரு குடும்பம்" என்றார் டேவிட். "குடும்பம் மகிழ்ச்சியாக உள்ளது. கேட்டு, திரும்பச் சொல்க."

"இது ஒரு குடும்பம்" என்றான் கேவின். "குடும்பம் மகிழ்ச்சியாக உள்ளது."

கண்ணாடியில் ரிஃபாத்தின் கண்கள் பின்சீட்டைப் பார்த்தன. அவர் காத்திருந்தார். அவசரமே இல்லை.

"இது ஒரு குடும்பம்" என்றது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். சரியான இடத்தில் நிறுத்தியது. ஒரு மூச்சு விட்டது.